மனுசக் கை

சௌந்தரராஜனைப் போலப் பெண்டாட்டியைத் தாங்கின ஆம்பளையை எங்கள் காம்பவுண்டில் நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததைக் கேட்டுவிட்டு, யாரோ பொறுப்பில்லாதவன், விவரம் தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவன் இரண்டும் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஓசூரை ஒட்டின மூக்கண்டப்பள்ளியில் எங்களுக்கு வரிசையாக எட்டு வீடு. நிலத்தில் பாதி சிப்காட்டுக்குப் போனது. மீதியில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். சாத்தூர்க்காரர்கள், புதுக்கோட்டைக்காரர்கள், ஒடிசாப் பையன்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். காவேரித் தண்ணி வருகிற அன்று குழாயடியில் ஒரு சண்டை வராது. சாந்தம்மாவின் வாய்க்கு, அதாவது என் வாய்க்கு, பயந்துதான் என்று என் வீட்டுக்காரர் நாராயணப்பன் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைப் பேச எனக்கு வராது.

மூன்றாம் வீடு சௌந்தரராஜனுடையது. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி இருளாயியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தக் குழந்தை பூங்கொடி இப்போது காலேஜ் போகிறாள். வந்த புதிதில் அவன் வெல்டர். எங்கள் காம்பவுண்டு கேட்டு அவன் பற்றவைத்ததுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கூலி வேண்டாம் என்று சொல்லிச் செய்துகொடுத்தான். எத்தனை வண்டி இடித்திருக்கும், எத்தனை பிள்ளைகள் ஏறி ஊஞ்சலாடியிருக்கும், ஒரு இணைப்பு விட்டதில்லை.

நாற்பதைத் தாண்டியதும் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. குடி கிடையாது, ஒன்றும் கிடையாது. அவன் அப்பனுக்கும் அப்படித்தான் நடுங்குமாம். பைக் ஃப்ரேம் செய்கிற கம்பெனி. வெல்டிங் ஒரு நூல் விலகினாலும் அந்த ஃப்ரேமை ரிஜெக்ட் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியது முக்கால்வாசி இவன் கை பட்டதாக இருக்கவே, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பினார்கள். அந்த வருசம் அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. டம்ளரில் டீ கொடுத்தால் கீழே வைக்கச்சொல்லி, நாம் நகர்ந்த பிறகு எடுப்பான்.

அப்புறம் கம்பெனிக்கு ரோபோ வந்தது. அதற்கு எந்த இடத்தில் எப்படிப் பற்றவைக்கவேண்டும் என்று முதலில் ஒரு ஆள் சொல்லித்தரவேண்டும். டீச்சிங் என்பார்கள். என்ஜினியர் பையன்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், இரும்பு தெரியாது. ஆகவே இவனைக் கூப்பிட்டார்கள். கையில் பெரிய ரிமோட் மாதிரி ஒரு பெட்டி. பட்டனை அழுத்தி அழுத்தி, ரோபோவின் கையை நகர்த்தி, இங்கே வை, இங்கே நிறுத்து என்று ஒவ்வொரு பாயின்ட்டாகச் சொல்லித்தருவான். பட்டன் அழுத்துகிற விரல் நடுங்கினால் என்ன கெட்டுப்போய்விடும்? மனுசன் பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அவனுக்கு ரோபோ என்றால் குலதெய்வம். ஒரு தடவை சொல்லித்தந்தால் போதும், அப்புறம் லட்சம் வண்டிக்கும் அதே இடம், அதே அளவு. தும்மாது, கண் சிமிட்டாது, வீட்டுச் சண்டையை நினைத்துக்கொண்டு வேலை பார்க்காது என்பான். ஒரு நாள் சென்சர் கெட்டு, ஹெல்பரும் ஃப்ரேமை மாட்ட மறந்துபோக, ரோபோ வெறும் காற்றுக்கே முழு வெல்டிங்கும் பண்ணிவிட்டு மரியாதையாகப் போய் நின்றுகொண்டதாம். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்வான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

ஆயுத பூஜையன்று கம்பெனிக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். போன வருசம் இருளாயி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ரோபோவின் கைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தான். எங்களுக்காக ஒரு ஃப்ரேமை ஓட்டிக் காட்டினான். அது குனிந்து நிமிர்ந்து பொறி பறக்க வேலை செய்ததை இருளாயி கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என் காதோரம், "இது ஆளப் பாக்கவே மாட்டேங்குதுக்கா" என்றாள்.

திரும்பி வரும்போது அவள் சேலையின் பின்பக்கம் கறை இருந்தது. அவளுக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருசம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கேட்டேன். ஆடியிலிருந்தே அப்படித்தான் என்றாள். உனக்கு அறிவிருக்கிறதா, அடுப்பில் பால் பொங்கினால்கூட ஓடுகிறாய், உன் உடம்பில் ரத்தம் போனால் பார்த்துக்கொண்டு நிற்பாயா என்று வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். அவள் சிரித்தபடி சேலையைத் தண்ணீரில் நனைத்தாள்.

ஓசூரில் டாக்டர் சரிதாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். ஸ்கேன் எடுத்து, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாள். தீபாவளி முடிந்து முடிவு வந்த அன்று சௌந்தரராஜனும் லீவு போட்டுவிட்டு வந்தான். டாக்டர் இருளாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். புருசனைப் பார்த்துச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"கர்ப்பப்பையில புத்து இருக்குதும்மா. இன்னும் பைய விட்டு வெளிய வரல. ஆனா இது வேகமா போற ரகம். அடுத்த வியாழக்கிழமையே எடுத்துடலாம்."

வயிற்றைக் கிழிப்பதில்லை, லேப்ராஸ்கோபி என்றாள். ஒரு தாளில் வயிறு மாதிரி வரைந்து நாலு புள்ளி வைத்தாள். பேனா நுழைகிற அளவுக்கு நாலு ஓட்டை; ஒன்றில் கேமரா, மற்றதில் நீளமான கம்பிக் கருவிகள். அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, டிவியில் பார்த்தபடி உள்ளே வேலை நடக்கும். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் கையிலிருந்த பேனா நழுவி மேசைக்கடியில் உருண்டுபோனது. குனிந்து எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்கு அது நினைவில்கூட நின்றிருக்காது.

சௌந்தரராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரோபோவில் பண்ணுவதும் இருக்கிறதாமே என்று கேட்டான்.

அவள் மறைக்கவில்லை. பெங்களூரில் இருக்கிறது என்றாள். அதிலும் இதே ஓட்டைகள்தான். கருவி மணிக்கட்டு மாதிரி நன்றாக வளையும், படம் இன்னும் தெளிவாகத் தெரியும். சில ஆபரேஷனுக்கு அது வசதி. "உங்க ஊட்டம்மாவுக்கு ரெண்டுலயும் பலன் ஒண்ணுதாங்க. எதுல பண்றோம்ங்கிறது பெருசில்ல. எப்ப பண்றோம்ங்கிறதுதான் பெருசு."

அந்த ரோபோவை ஓட்டுவது யார் என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தினமும் ரோபோவோடு வேலை செய்கிறவன் அதை எதற்குக் கேட்கப்போகிறான்?

ஆட்டோவில் வரும்போது என் பக்கம் திரும்பினான். "பேனாவப் பாத்தீங்களாக்கா? ஒரு பேனா நிக்கல கையில. அவங்களக் குத்தம் சொல்லல. மனுசக் கை அப்படித்தான். காலைல ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா? இவள நான் மனுசக் கையில குடுக்க மாட்டேன்."

இருளாயி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோஜா மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 

காம்பவுண்டே அதைப் பற்றித்தான் பேசியது. ஐந்தாம் வீட்டு ரேவதி முந்தின வருசம் ஓசூரில்தான் லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்துக்கொண்டாள். எல்லார் முன்னாலும் சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். கொசு கடித்த மாதிரித் தழும்பு. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் சப்பாத்தி தேய்த்தேன் அண்ணா என்றாள். அது பித்தப்பை, இது வேறம்மா என்றான் அவன். பூங்கொடி போனில் தேடிப் படித்துக்காட்டினாள். இரண்டிலும் பிழைப்பது ஒரே மாதிரிதான் என்று போட்டிருக்கிறதப்பா என்றாள். எழுதினவன் ஒரு நாளாவது லைனில் நின்று பார்த்திருக்கிறானா என்று கேட்டான். நான் என் பங்குக்குக் கத்தினேன். யார் கத்தினாலும் அவன் குரல் உயராது. பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, கைவெல்டிங்குக்கும் ரோபோ வெல்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை மறுபடி முதலிலிருந்து சொல்வான். அவ்வளவு தெரிந்தவனிடம் எதைப் பேசி ஜெயிப்பது?

பெங்களூருக்கு என்னையும் கூட்டிப்போனான். அவனுக்குக் கன்னடம் பஸ் ஏறி இறங்குகிற அளவுக்குத்தான் வரும். எனக்குத் தாய்வீடு கர்நாடகத்து ஆனேக்கல். அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திராவில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போய்ச் சேர்ந்தோம். பெரிய ஆஸ்பத்திரி, அங்கே ஒரு இளம் டாக்டர் பார்த்தார். லேப்ராஸ்கோபி என்றால் வருகிற செவ்வாய்க்கிழமையே செய்துவிடலாம், ரோபோ என்றால் வரிசை இருக்கிறது, பொங்கல் கழித்துத்தான் என்றார். "தட மாடபேடி" என்று என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். தாமதம் பண்ணாதீர்கள் என்கிறார் என்று நான் தமிழில் சொன்னேன். இரண்டு தரம் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"தை எங்கக்கா இருக்கு, இந்தா வந்துரும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க" என்றான்.

டாக்டர் சரிதா இரண்டு முறை போன் பண்ணினாள். பெங்களூரில் பேர் கொடுத்துவிட்டோம் மேடம், உங்களுக்கு ரொம்ப நன்றி என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

மார்கழி வந்தது. எங்கள் ஊர் மார்கழி தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலை ஒன்பது மணிவரை எதிர் வீடு தெரியாது. சிப்காட் ஷிஃப்ட் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துபோகும். பனி விழ விழத்தான் அவரைக்காய் நெய்ப்பிடித்து மணக்கும். அவரைக்கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கினால் தோல் கையோடு நிற்கும், பருப்பு தெறித்து விழும். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இல்லாமல் எங்களுக்கு அந்த மாசம் போகாது. இருளாயி தெற்கத்திக்காரி, வந்த புதிதில் பருப்பைக் கூரைக்கும் சுவருக்கும் தெறிக்கவிடுவாள். பிறகு என்னைவிட வேகமாகப் பிதுக்கப் பழகிவிட்டாள்.

அந்த வருசம் வேகம் இல்லை. ஒரு கொட்டையைப் பிதுக்கிவிட்டு மூச்சு வாங்கினாள். வெயிலுக்காக வாசலில் உட்கார்ந்திருந்தோம். முகம் வெளுத்து, உதடும் வெளுத்துப்போயிருந்தது. உனக்கு வாய் இல்லையாடி, உன் வயிறுதானே, நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு தரமாவது சொல்லித் தொலையேன் என்றேன்.

அவள் இன்னொரு கொட்டையைப் பிதுக்கினாள். "அந்த டாக்டரம்மா கை சூடா இருந்துச்சுக்கா. பேசி முடிக்கிறவரைக்கும் எங்கைய விடவேயில்ல. எனக்கு அதுகிட்டயே படுத்துக்கிறலாம்னு இருந்துச்சு."

"அத அவங்கிட்டச் சொல்லேன். நான் சொல்லட்டா?"

"வேணாம்க்கா. நானே சொல்றேன். நீங்க சொல்லக்கூடாது."

தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் சொல்வாள் என்று ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அவளும் சொல்லவில்லை.

பொங்கல் கழித்துப் போன் வந்தது. அந்த ரோபோவில் ஏதோ பழுது, பாகம் வரவேண்டும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள், அவசரம் என்றால் லேப்ராஸ்கோபிக்கு வாருங்கள் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே மனம் மாறியிருப்பார்கள். இவன் மிஷின்காரன். பிரேக்டவுன் என்றால் என்ன, ஸ்பேர் எங்கிருந்து வரும், மாட்டிய பிறகு எத்தனை முறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு விளக்கினான். அவசரப்பட்டு ஓட்டாமல் நிறுத்தி வைத்தார்கள் பார், அதுதான் நல்ல ஆஸ்பத்திரி என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய் அவளுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொடுத்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து அவள் சேலையைத் துவைப்பதும் அவன்தான். கறை போக அவன் கல்லில் தேய்க்கும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவனை எப்படித் திட்டுவது?

மாசியில் கூப்பிட்டார்கள். இந்த முறை பெரிய டாக்டர், வயதானவர், கன்னடம் மட்டுமே பேசினார். ஆபரேஷனுக்கு முந்தின ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இருளாயியை வெளியே உட்காரச் சொன்னார். எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திக்கொண்டார்.

"ஹொட்டெ தும்பா ஹரடிதெ" என்றார்.

எனக்குக் கன்னடம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தது அன்று ஒருநாள்தான். சௌந்தரராஜன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு முழுக்கப் பரவியிருக்கிறதாம் என்று நான்தான் சொன்னேன். இப்போது ஆபரேஷன் பண்ணிப் பலன் இல்லையாம், மருந்து ஏற்றிப் பார்க்கலாமாம் என்பதையும் நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வது?

அவன் அழவில்லை. நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான். கம்பெனியில் கோளாறு வந்தால் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசினான்.

"சார், இந்த ரோபோவுக்கு டீச்சிங் பண்ணது யாரு? அவர வரச் சொல்லி, பரவுன இடத்துக்கும் பாயின்ட் சேத்துக் குடுக்கச் சொல்லுங்க சார். நேரமானாலும் பரவால்ல. நான்கூட இருக்கேன்."

இதை நான் எப்படிக் கன்னடத்தில் சொல்வது? சொன்னேன். டாக்டருக்கு முதலில் பிடிபடவில்லை. இவன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இவன் அத்தனை மாதம் எதற்குக் காத்திருந்தான் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும்.

நிதானமாகச் சொன்னார். ஆபரேஷன் அறையில் ஒரு மூலையில் அவர் உட்கார்ந்திருப்பாராம். ஒரு பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு, இரண்டு வளையத்துக்குள் விரலை விட்டிருப்பாராம். அவர் விரல் அசைந்தால் அது அசையும். அவர் கையை எடுத்தால் அது அப்படியே நின்றுவிடும். அதற்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை.

"ரோபோ ஏனூ மாடல்லம்மா. நாவே மாடோது."

"அது ஒண்ணும் செய்யாதாம்ப்பா" என்றேன். "இவங்களேதான் செய்யறாங்களாம்."

"அப்ப, கையா?" என்றான்.

"கைதானாம்."

சின்ன நடுக்கத்தை அது வடிகட்டிவிடும், ஆனால் எங்கே வெட்டவேண்டும் எங்கே விடவேண்டும் என்பதெல்லாம் கைக்காரருடையதுதான் என்றார் டாக்டர். பிறகு பழைய காகிதங்களைப் புரட்டினார். ஓசூரில் பார்த்தவர் பெயரைக் கண்டு, சரிதாவா, என்னிடம் படித்த பெண்ணாயிற்றே என்றார். கார்த்திகையில் அவளிடமே பண்ணிக்கொண்டிருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டார். "ஒள்ளெ கை அவர்து."

வாயில் வந்ததை விழுங்காதவள் நான். நல்ல கை அவளுடையது என்ற அந்த ஒன்றை மட்டும் தமிழில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். விழுங்கி என்ன பிரயோஜனம்? கைக்குக் கன்னடத்திலும் கை என்றுதான் பெயர். அவன் மேசைமேல் இருந்த டாக்டரின் கைகளைப் பார்த்தான். வயதானவர் கை, நரம்பு புடைத்து, புறங்கையில் கரும்புள்ளி விழுந்த கை. பிறகு தன் கைகளை எடுத்து மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டான்.

வெளியே இருளாயி புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, மூன்று பேருக்கும் பங்கு வைத்துக் காத்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.  சாப்பிட்டுட்டுப் பஸ் ஏறுவோம், பூங்கொடி வந்துருவா என்றாள்.

அப்புறம் நடந்ததை நீட்டிச் சொல்ல என்னால் ஆகாது. மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாய் வெந்தது, வயிற்றில் நீர் கோத்தது. பெங்களூர் வேண்டாம் என்று இந்தத் தடவை அவளே சொன்னாள். ஓசூரிலேயே டாக்டர் சரிதாவிடம் பார்த்தோம். ஒரு நாள் சரிதா வீட்டுக்கே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து இருளாயியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். சௌந்தரராஜன் உள்ளே வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். போகும்போது அவள் அவன் அருகில் நின்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அவன் கேட்டைத் திறந்துவிட்டுக் குனிந்து கும்பிட்டான்.

கம்பெனியில் அவனுக்கு லீவு கொடுத்தார்கள். வேறொரு பையனை டீச்சிங்குக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னேன். சரிக்கா என்றான், அவ்வளவுதான்.

வைகாசியில் ஒரு மத்தியானம், மாங்காய் மழை பிடித்துக்கொண்டது. பூங்கொடி பரீட்சைக்குப் போயிருந்தாள். நான் ராகிக் கூழைக் கரைத்து, மோர் விட்டு, தலைக்கு ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவன் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. படியிலேயே நின்றுவிட்டேன்.

"அன்னைக்கே ஓசூர்லயே பண்ணிக்கிறேன்னு ஒரு வார்த்தை நீ சொல்லிருக்கலாம்ல புள்ள. நீ சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பீங்க" என்றாள் இருளாயி. "எனக்குத் தெரியும். அதான் சொல்லல."

 அவள் மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி பேசினாள்.

"எங்கப்பன் வீட்டுல எனக்கு மிஞ்சுனதுதான் சோறு, கிழிஞ்சதுதான் சேல. எனக்குன்னு யாரும் ஒசந்தது வேணும்னு நின்னதில்ல. நீங்க நின்னீங்க. இருக்குறதுலயே நல்லது இவளுக்குத்தான்னு ஊரே சொல்லியும் கேக்காம நின்னீங்க. அத எப்படிங்க நான் வேணாம்பேன்?"

அவன் அழுதான். வாய்விட்டு, சாத்தூர்ப் பக்கத்து ஆம்பளை எழவு வீட்டில் அழுவது மாதிரி அழுதான். எனக்கும் நிற்க முடியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனேன். அவளைத் தலையணையில் நிமிர்த்திச் சாய்த்து, கூழை ஸ்பூனில் எடுத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"அவரு குடுக்கட்டும்க்கா."

அவன் தன் கையைப் பார்த்தான். எப்போதையும்விட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"நடுங்குது புள்ள."

"நடுங்கட்டும்."

ஸ்பூனை அவனிடம் கொடுத்தேன். முதல் ஸ்பூன் பாதி வழியிலேயே போர்வையில் கொட்டிவிட்டது. இன்னொன்று எடுத்தான். வலது கைக்கு இடது கையை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டான். அப்படியும் ஆடியது, கூழ் சொட்டுச் சொட்டாக அவள் கழுத்தில் விழுந்தது. துடைக்கப்போன என்னை அவள் பார்வையாலேயே நிறுத்தினாள். ஸ்பூன் வந்து சேரும்வரை வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.